செயலாளரின் ஆண்டறிக்கை: சரவாக் பூர்வகுடி நில உரிமைப் பணிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத் தீர்மானத்தின்படி, மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், பாராம் ஆற்றுப் பகுதியில் தம் மூதாதையர் காட்டில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்துவரும் பெனான் எனும் பூர்வகுடி மக்களுக்குத் துணைநிற்பதே இவ்வாண்டு நம் முதன்மைப் பணியாக இருந்தது. ஏனைய நிகழ்ச்சிகள் வழக்கம்போல் நடைபெற்றன.

வாசிப்புக் கூட்டங்களில் முதலில் 1987ஆம் ஆண்டின் மறியலை எடுத்துக்கொண்டோம். பாராம், லிம்பாங் பகுதிகளில் பெனான் மக்கள் வெட்டுமரப் பாதைகளின் குறுக்கே கம்புகளைக் கட்டி, முதியவர்களும் குழந்தைகளுமாக அங்கேயே குடிசை போட்டுத் தங்கி, மாதக்கணக்கில் லாரிகளைத் தடுத்து நிறுத்தினார்கள். அக்டோபரில் பாராம் பகுதியின் உமா பாவாங் ஊரில், மற்றொரு பூர்வகுடியான காயான் இனத்தவர் 42 பேர் கைது செய்யப்பட்டனர். அதன்பின் மாநில அரசு வனச் சட்டத்தில் 90பி பிரிவைச் சேர்த்து, அப்பாதைகளை மறிப்பதையே குற்றமாக்கியது.

உறுப்பினர்கள் மிகுதியாகக் கேள்வி எழுப்பியது நிலச் சட்டம் குறித்துத்தான். மரபுரிமை கோருபவர் 1958 ஜனவரி 1க்கு முன்பே காட்டைத் திருத்திப் பயிரிட்டதைக் காட்டுவது அங்கு முக்கியச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் பெனான் மக்களில் பெரும்பாலோர் அண்மைக் காலம்வரை காட்டுக்குள் இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள். உணவுக்கு மாவு தரும் சேகோ பனையின் தூர் ஒன்றைக் கண்ட குடும்பம் அதில் தன் அடையாளத்தை இட்டு, முற்றிய தண்டை மட்டும் வெட்டிக்கொண்டு, இளந்தண்டுகளை அடுத்த வருகைக்கென விட்டுச் செல்லும். மரங்களை இழுத்துவரும் புல்டோசர் அத்தகைய தூர்களை நசுக்கிவிடுகிறது, ஓடைகள் சேறாகின்றன. காட்டை அழித்தவருக்குச் சான்று கிடைக்கவும் காத்தவருக்கு அது கிடைக்காமற்போகவும் செய்யும் சட்டம் அநீதியானது என்பதில் செயலவைக்குள் கருத்து வேறுபாடே இல்லை. 2016இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், இபான் எனும் பூர்வகுடி மக்களின் வழக்கொன்றில், பயிரிடாத பொதுக்காட்டின் மீதான மரபுக்குச் சட்ட வலு இல்லையெனப் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. 2018இல் நிலச் சட்டம் திருத்தப்பட்டு அத்தகைய மரபு நிலம் ஏற்கப்பட்டபோதும், அதன் பரப்புக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. இவ்விரண்டையும் தமிழில் சுருக்கி எழுதி உறுப்பினர்களுக்கு வழங்கினோம்.

இந்நிலையில் வரைபடங்களே வலுவான சான்றாகக்கூடும். 60க்கும் மேற்பட்ட பெனான் கிராமங்கள் தங்கள் ஓடைகளையும் புதைகுழிகளையும் பழைய தங்குமிடங்களையும் பெயரிட்டுக் குறித்த வரைபடங்கள் 2017இல் வெளியாயின. அத்தகைய பணிக்கென நாம் திரட்டிய நிதியை அனுப்பிவைத்துள்ளோம். நேரில் சென்று மறியலில் அமர வேண்டும் என்று சில உறுப்பினர்கள் உணர்வுடன் வலியுறுத்தினார்கள். ஊர் மக்கள் அழைக்காமல் செல்வது முறையன்று என்றும், கைது நேர்ந்தால் அதன் சுமை அவர்கள் மீதே விழும் என்றும் கருதி, செயலவை அதற்கு இசையவில்லை.

வரும் ஆண்டில், மரம் வெட்ட உரிமம் வழங்கும் முன் ஊராரின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்ற கோரிக்கையை மாநில அரசுக்கு எழுத்து மூலம் அனுப்பச் செயலவை பரிந்துரைக்கிறது. இதற்கு உறுப்பினர்களின் ஒப்புதலை வேண்டுகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார்.

பணிவன்புடன்,
செயலாளர்