வரிக்குதிரைத் தோலும் பயணப்பெட்டியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த நமீபியப் பயணக் கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். எட்டோஷா நீர்நிலைக்கு யானைகள் வரிசையாக வந்த காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் கடைசிப் பத்தியில் கட்டுரையாளர் போகிறபோக்கில் சொன்ன யோசனையை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. வரிக்குதிரைத் தோல், மான் கொம்பு எல்லாம் சொந்த உபயோகத்துக்கு என்றால் சுங்கத்தில் கேட்கமாட்டார்களாம், பெட்டியிலேயே வைத்துக் கொண்டுவந்துவிடலாமாம்.

கேட்பார்கள். நான் ஜெர்மனியில் இருபத்தைந்து ஆண்டுகளாக வசிக்கிறேன். எங்கள் மாடிவீட்டுக்காரர் வேட்டைப் பிரியர். நமீபியா ஒரு காலத்தில் ஜெர்மனியின் காலனியாக இருந்ததால் இங்குள்ள வேட்டைக்காரர்களுக்கு அது இன்றும் பழகிய ஊர். பணி ஓய்வு பெற்றதும் இவரும் அங்கே போனார். தான் சுட்ட வரிக்குதிரையின் தோலைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, 'அறிவிக்க ஒன்றுமில்லை' என்ற பச்சை வழியில் நடந்தார். நிறுத்திவிட்டார்கள். பண்ணைக்காரர் கொடுத்த ரசீதையும் கடிதத்தையும் நீட்டினாராம். அதிகாரி காகிதங்களைப் புரட்டவே இல்லை, தோலை விரித்து அதன் ஓரங்களைப் பார்த்தார். சமவெளி வரிக்குதிரைக்குக் கோடுகள் வயிறுவரை இறங்கும். மலை வரிக்குதிரைக்கு வயிறு வெறும் வெள்ளை, பின்புறத்தில் ஏணிப்படி போல நெருக்கமான கோடுகள். முன்னது, அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இல்லை. பின்னது இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, அதாவது அனுமதிப் பத்திரத்தோடுதான் எல்லை தாண்டலாம். இவருடையது பின்னது. தோல் போயிற்று, அபராதமும் கட்டினார். சுவரில் அதற்கென்று முன்கூட்டியே அடித்துவைத்த ஆணிகள் மட்டும் இருக்கின்றன.

கட்டுரையாளர் எதைக் கேள்விப்பட்டுக் குழம்பினார் என்று எனக்குப் புரிகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர் இரண்டாம் பட்டியல் விலங்கின் வேட்டைப்பொருளைத் தன்னோடு கொண்டுவந்தால், பெரும்பாலும் இறக்குமதி அனுமதி தேவையில்லை. ஆனால் அங்கிருந்து வாங்கிய ஏற்றுமதி அனுமதியின் மூலப் பத்திரத்தைக் காட்டியே தீரவேண்டும். சலுகை அவ்வளவுதான். அதையும் 2015 முதல் சிங்கம், ஆப்பிரிக்க யானை, தென்வெள்ளைக் காண்டாமிருகம், நீர்யானை, பனிக்கரடி, ஆர்காலி என்ற காட்டுச் செம்மறியாடு ஆகியவற்றுக்கு எடுத்துவிட்டார்கள். மிகக் கடுமையான முதல் பட்டியலில் உள்ள சிறுத்தைப்புலிக்கு இரண்டு அனுமதிகளும் எப்போதும் வேண்டும். எந்தப் பட்டியலிலும் இல்லாத மானின் கொம்பு என்றாலும், கொதிநீரில் இட்டுச் சதையெல்லாம் நீக்கிக் கிருமிநாசினி போட்டிருக்கவேண்டும் என்று கால்நடை நோய்த் தடுப்பு விதி தனியாக இருக்கிறது. நமீபியாவிலிருந்து காய்ந்த இறைச்சி ஒரு துண்டுகூடக் கொண்டுவரக்கூடாது.

எனக்கு வேட்டை பிடிக்காது. ஆனால் ஆப்பிரிக்கர்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஜெர்மனி இந்த இறக்குமதியை இறுக்கப் பார்த்தபோது, 20,000 யானைகளை அனுப்புகிறேன், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று 2024-இல் அப்போதைய போட்ஸ்வானா அதிபர் மசிசி சொன்னார். தன் நாட்டில் யானைகள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன என்பது அவர் வாதம். அந்த வாதம் நடக்கட்டும். நமீபியாவுக்குச் சிறுத்தைப்புலி ஆண்டுக்கு 250 என்று ஏற்றுமதி ஒதுக்கீடு உண்டு, ஒருவர் ஓர் ஆண்டில் இரண்டு தோல்களுக்கு மேல் கொண்டுபோக முடியாது. அந்தக் கணக்கு எழுதப்படும் இடமே ஏற்றுமதிப் பத்திரம். பத்திரமில்லாமல் பெட்டியில் வருகிற தோல் எந்தக் கணக்கிலும் ஏறாது. வேட்டையை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் சேர்ந்தே கோபப்படவேண்டிய விஷயம் இது.

இந்தியாவுக்குத் திரும்புகிறவர்களுக்கும் விதிகள் தளர்வானவை அல்ல. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-இல் திருத்தியபோது சைட்டிஸ் பட்டியல் உயிரினங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் சேர்த்திருக்கிறார்கள். மாடிவீட்டுக்காரரைச் சொல்லிவிட்டு என் வீட்டுக் கதையை மறைப்பது முறையல்ல. பழனி அடிவாரத்தில் வாங்கிய மயில்தோகைக் கட்டு ஒன்றை என் மனைவி பெட்டிக்குள் வைத்துவிட்டார். தானாக உதிர்ந்த தோகையை உள்நாட்டில் விற்கலாம், வாங்கலாம். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை. புறப்படும் நாள் காலையில்தான் கவனித்தேன். தோகை மைத்துனர் வீட்டுப் பூஜையறையில் இருக்கிறது.

கோடை விடுமுறைக்குள் உங்கள் வாசகர் எவராவது அந்தப் பத்தியை நம்பித் தோல் வாங்கிவிடக்கூடும். அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் வெளியிடுங்கள். கட்டுரை வந்த அதே பக்கத்தில் வந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஜெர்மனியிலிருந்து ஒரு வாசகர்