எங்கள் மகளிடமே கேட்டவர்களுக்கு நன்றி

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் மகள் தன் இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்துச் சான்றிதழ் பெற்றாள். டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த அவளுக்கு இப்போது வயது 22. அறிவுசார் குறைபாடு உடைய மாணவர்களை ஒதுக்குப்புறமான தனி அறையில் உட்காரவைக்காமல், மற்ற மாணவர்கள் படிக்கும் அதே வகுப்பில் சேர்த்துப் படிக்கவைக்கும் உள்ளடக்கிய கல்லூரித் திட்டத்தில் அவள் படித்தாள். விழா நாளன்று உங்களில் பலரிடம் நேரில் நன்றி சொன்னேன். ஆனால் அந்தக் கூட்டத்திலும் கண்ணீரிலும் எதற்காக நன்றி சொல்கிறேன் என்பதைச் சொல்ல முடியாமல் போயிற்று. அதைச் சொல்லவே இந்த மடல்.

நீங்கள் அன்பு காட்டினீர்கள் என்று எழுதினால் அது உண்மைதான், ஆனாலும் குறைவான உண்மை. அவளுக்கு அன்பு காட்டியவர்கள் முன்பும் நிறையவே இருந்தார்கள். உங்களிடம் நான் கண்டது வேறொன்று. அவளைப் பற்றிய கேள்வியை என்னிடம் கேட்காமல் அவளிடமே கேட்டீர்கள், அவள் பதில் சொல்லும்வரை காத்திருந்தீர்கள். இருபது ஆண்டுகளாக மருத்துவர்களும் ஆசிரியர்களும் அலுவலர்களும் அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, “இவளுக்கு என்ன பிடிக்கும்?” என்று கேட்டார்கள், நானும் தயங்காமல் பதில் சொல்லிவந்தேன். பள்ளியின் இறுதி ஆண்டுகளில் நடந்த ஒரு கூட்டத்தில், அவள் அருகில் அமர்ந்திருக்கும்போதே, கல்லூரி என்ற ஆசையை வளர்த்து அவளை ஏமாற்றத்துக்கு உள்ளாக்க வேண்டாம் என்று ஒருவர் அறிவுரை கூறினார். அன்றும் அவள் பக்கம் யாரும் திரும்பவில்லை. வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன், நானும் திரும்பவில்லை.

திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் அம்மையாருக்கு என் முதல் நன்றி. சேர்க்கைக்கான நேர்காணலில் நாங்கள் மூவரும் வரிசையாக அமர்ந்தோம். நீங்கள் உங்கள் நாற்காலியை எங்கள் மகள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, “நீங்கள் என்ன படிக்க விரும்புகிறீர்கள்?” என்று கேட்டீர்கள். விண்ணப்பத்தில் குழந்தைகள் பராமரிப்பு என்று நான் ஏற்கெனவே எழுதியிருந்தேன். அது உங்கள் மேசைமேல்தான் இருந்தது. மகள் பேசவில்லை. ஒரு நிமிடம் போலத் தோன்றிய மௌனத்தில் நான் வாயைத் திறந்தபோது, என்னைப் பார்க்காமலே உள்ளங்கையைச் சற்று உயர்த்தி என்னை நிறுத்தினீர்கள். பிறகு அவள், “கல்” என்றாள். கற்களைப் பற்றியா என்று நீங்கள் கேட்க, அவள் தலையாட்டினாள். நடக்கப் போகும் இடமெல்லாம் கல் பொறுக்கிக் கழுவி, சன்னல் ஓரத்தில் நிறவாரியாக அடுக்குவதை அவளுடைய ஒரு பழக்கம் என்று மட்டுமே நாங்கள் நினைத்திருந்தோம். அது ஒரு பாடத்தின் தொடக்கம் என்பதை அவளைப் பெற்ற எங்களுக்கு முன்பே நீங்கள் கண்டுகொண்டீர்கள்.

அப்படித்தான் அவள் பாறைகளையும் கனிமங்களையும் பற்றிய அறிமுக வகுப்பில் நாற்பது மாணவர்களோடு ஒருத்தியாக அமர்ந்தாள். இத்தகைய திட்டங்களைப் பற்றி அறியாத பெற்றோர் இதைப் படிக்கக்கூடும் என்பதால், எங்களுக்கு முதலில் விளங்காத ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இதன் முடிவில் கிடைப்பது பட்டம் அன்று, சான்றிதழ். பாடங்களில் சிலவற்றைப் பட்டப் படிப்புக்குக் கணக்கில் சேரும் வகையில் படிக்கலாம். சிலவற்றில் அந்தக் கணக்கு இல்லாமல் அமர்ந்து, தனக்கென வகுத்த இலக்குகளோடு கற்கலாம். எங்கள் மகள் இரண்டாவது வழியில் படித்தாள். அந்த இலக்குகளைப் பருவத் தொடக்கத்திலேயே பேராசிரியரும் ஒருங்கிணைப்பாளரும் அவளும் சேர்ந்து எழுதிக் கையொப்பமிட்டார்கள். நான்காவது கையொப்பத்துக்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

பேராசிரியர் ஐயா, உங்களுக்கு நன்றி சொல்வதோடு மன்னிப்பும் கேட்க வேண்டும். முதல் ஆய்வக அறிக்கையை எழுதியவன் நான். அவள் மூன்று வரி எழுதியிருந்தாள். அதை ஒதுக்கிவைத்து, ஒரு பக்கத்துக்கு நானே எழுதி அவள் பெயரில் அனுப்பினேன். உங்கள் பதில் அவளுக்கே வந்தது. அறிக்கை நன்றாக இருக்கிறது என்றும், ஆனால் வகுப்பில் அவள் சொன்ன செய்திகள் அதில் இல்லையே என்றும், அவற்றை அவளுடைய சொற்களில் படிக்க விரும்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். என்னைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவள் அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, தன் மூன்று வரித் தாளைத் தேடி எடுத்தாள். அடுத்த அறிக்கை ஏழு வரி. பருவ இறுதியில் அது இரண்டு பக்கமாயிற்று.

நீங்கள் பாடத்தை எளிதாக்கினீர்கள், ஆனால் அதன் சாரத்தை நீர்க்கவிடவில்லை. மற்றவர்களுக்கு எழுத்துத் தேர்வு. அவளுக்கு ஒரு தட்டில் பத்துக் கனிமங்களை வைத்து, ஒவ்வொன்றும் என்ன, அதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று வாய்மொழியாகக் கேட்டீர்கள். பெயரை மட்டும் சொன்னால் பாதி மதிப்பெண்தான். கனிமங்களின் கடினத்தன்மையை, மிக மென்மையான டால்க் முதல் மிகக் கடினமான வைரம் வரை, ஒன்று முதல் பத்தாக வரிசைப்படுத்திய மோஸ் அளவுகோலை அவள் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டினாள். நகத்தால் கீற முடிவது எது, கண்ணாடியைக் கீறுவது எது, நீர்த்த அமிலத் துளி பட்டவுடன் நுரைப்பது எது என்று சாப்பாட்டு மேசையில் எங்களையே சோதித்தாள். முதல் தேர்வில் பத்தில் நான்கைத்தான் அவள் சரியாகச் சொன்னாள். நீங்கள் நான்கு என்றே எழுதினீர்கள். பரிவுக்காக அதை ஆறாக்கியிருந்தால், மீண்டும் படித்து எட்டு வாங்கிய அந்த மாலை எங்கள் வீட்டுக்கு வந்திராது.

பதிவாளர் அலுவலகத்தில் பணியாற்றும் ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்; என் நன்றி அவருக்கு வியப்பைத் தரலாம். முதல் பருவத்தின் நடுவே அவள் வகுப்பில் எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளத் தொலைபேசியில் அழைத்தேன். மாணவர்களின் கல்விப் பதிவுகள் பற்றிய அமெரிக்காவின் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவரின் பதிவுகள்மீது உரிமை அந்த மாணவருக்கே என்றும், அவருடைய எழுத்து ஒப்புதல் இல்லாமல் பெற்றோரிடம் நீங்கள் எதுவும் சொல்வதில்லை என்றும் நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். அவளுக்கு அறிவுசார் குறைபாடு உள்ளது என்று நான் குரலை உயர்த்தினேன். ஒப்புதல் படிவம் எளிய மொழியிலும் இருக்கிறது, அதை அவருக்கே அனுப்புகிறேன் என்றீர்கள். அன்று முழுவதும் கோபமாக இருந்தேன். மாலையில் மகளிடம் கையொப்பம் கேட்டபோது, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். மூன்று நாள் யோசித்தாள். பிறகு மதிப்பெண்களை மட்டும் அப்பா பார்க்கலாம், மற்றவை வேண்டாம் என்று குறித்துக் கையொப்பமிட்டாள். தனக்கென்று ஒரு வரம்பு வகுக்க அவளுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அது. நான் குரல் உயர்த்தியும் அந்த வாய்ப்பை நீங்கள் என்னிடம் தூக்கிக் கொடுத்துவிடவில்லை.

துணை மாணவர்களாகிய உங்கள் ஐவருக்கும் என்ன சொல்வது? வாரத்தில் சில மணி நேரம் அவளோடு படிக்கவும், வளாகத்தில் வழி காட்டவும், கூட்டங்களுக்கு அழைத்துச் செல்லவும் ஒப்புக்கொண்டு வந்தீர்கள். அவற்றையெல்லாம் செம்மையாகச் செய்தீர்கள். ஆயினும் நான் மறக்காதது நீங்கள் அவளோடு போட்ட சண்டையைத்தான். மற்றவர் பேசும்போது அவள் இடைமறிக்கிறாள் என்று உங்களில் ஒருவர் அவளிடம் நேராகச் சொன்னார். அவள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, பின்பு அவளே செய்தி அனுப்பிச் சமாதானம் ஆனாள். அதுவரை அவளிடம் யாருமே கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ளாதவர்கள் நண்பர்களாகவும் ஆகவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். அவள் பேருந்தைத் தவறவிட்ட நாளில், உடனே வந்து அழைத்துப் போகாமல், அடுத்த பேருந்து எப்போது என்று அவளையே பார்த்துச் சொல்லவைத்துத் தொலைபேசியில் கூடவே இருந்தவருக்கும் என் வணக்கம்.

இரண்டாம் ஆண்டில் அவளுக்குக் கனிம மாதிரிகள் வைக்கும் அறையில் வேலை கிடைத்தது. தட்டுகளைச் சுத்தம் செய்து, எண் பார்த்து, உரிய இழுப்பறையில் வைக்க வேண்டும். பணிப் பயிற்றுநர் அவர்களே, முதல் மூன்று வாரம் அவள் அருகில் நின்றீர்கள். அடுத்து அறையின் மறுகோடியில். பிறகு கதவுக்கு வெளியே. கடைசியில் வாரம் ஒருமுறை தொலைபேசி. அந்த விலகலை நீங்கள் முன்கூட்டியே நாள்காட்டியில் குறித்து அவளிடம் காட்டியதால், தன்னைக் கைவிட்டதாக அவள் நினைக்கவில்லை. நாள்களை எண்ணிக் காத்திருந்தாள். அறையின் மேற்பார்வையாளர் அவர்களுக்கு ஒரு தனி வணக்கம். குறைபாடு உடையவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தைவிடவும் குறைவாகக் கொடுக்க அனுமதிச் சான்று வழங்கும் 1938ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு அமெரிக்காவில் நீங்கள் அவளை வேலைக்கு எடுத்தபோதும் நடப்பில் இருந்தது. அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல், அதே வேலை செய்யும் மற்ற மாணவர்களுக்கு உள்ள மணிக்கூலியையே அவளுக்கும் எழுதினீர்கள். முதல் ஊதியச் சீட்டை அவள் இன்னும் மடித்து வைத்திருக்கிறாள்.

நான் ஒருபோதும் சந்தித்திராத சிலருக்கும் கடன்பட்டிருக்கிறேன். இந்த நாட்டில் 1975இல் கல்விச் சட்டம் வருவதற்கு முன்பு, எங்கள் மகளைப் போன்ற குழந்தைகளைப் பள்ளிகள் வாசலிலேயே திருப்பி அனுப்ப முடிந்தது. பெற்றோர்கள் வழக்காடியும் மன்றாடியும் அந்த வாசலைத் திறந்தார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1987இலேயே அறிவுசார் குறைபாடு உடைய மாணவர்கள் வழக்கமான வகுப்புகளில் அமரத் தொடங்கியதற்குப் பின்னாலும் பெற்றோர்களின் முயற்சி இருந்தது. அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு உயர்கல்வி வாய்ப்புச் சட்டம், உயர்நிலைப் பள்ளிப் பட்டயம் பெறாத இந்த மாணவர்களும், ஒப்புதல் பெற்ற திட்டங்களில் சேர்ந்தால், திருப்பிச் செலுத்த வேண்டாத அரசு உதவித்தொகையான பெல் மானியத்துக்கும் வேலையோடு கூடிய கல்வி உதவிக்கும் விண்ணப்பிக்கலாம் என்று முதன்முதலாக வழி செய்தது. கல்விக் கடன் மட்டும் இதில் அடங்காது. திட்ட நேரத்தில் குறைந்தது பாதியாவது மற்ற மாணவர்களோடு சேர்ந்த வகுப்பிலோ பணியிடத்திலோ கழிய வேண்டும் என்ற நிபந்தனையையும் அதே சட்டம் வைத்தது. அந்த நிபந்தனையை எழுதிய கை யாருடையதோ, அதற்கு என் வணக்கம். அது இல்லையென்றால் கல்லூரி என்ற பெயரில் மீண்டும் ஒரு தனி அறையே கிடைத்திருக்கும். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் பாஸ்டன் வளாகத்திலிருந்து இயங்கும் திங்க் காலேஜ் குழுவினருக்கும் நன்றி. நாடெங்கும் உள்ள 300க்கும் மேற்பட்ட இத்தகைய திட்டங்களை அவர்கள் தொகுத்து வைத்திருக்கும் பட்டியலில்தான், நம்பிக்கை இழந்திருந்த ஓர் இரவில், எங்கள் மகளின் கல்லூரியை என் மனைவி கண்டெடுத்தாள். பெரும்பாலான கல்லூரிகளில் இந்த வாசல் இன்னும் இல்லை. அது திறக்கக் காத்திருக்கும் பெற்றோர் எவரேனும் எழுதிக் கேட்டால், விண்ணப்பம் முதல் வேலை வரை நாங்கள் அறிந்த அனைத்தையும் பகிர்ந்துகொள்ள ஆயத்தமாக இருக்கிறோம்.

இம்மடலை வெளியிடுவதற்கு முன் மகளிடம் முழுவதும் படித்துக் காட்டி அனுமதி கேட்டேன். தன் பெயரைப் போட வேண்டாம் என்றாள், போடவில்லை. நான் மூன்று இடங்களில் “எங்கள் குழந்தை” என்று எழுதியிருந்ததை எண்ணிச் சொல்லி, மாற்றச் சொன்னாள், மாற்றிவிட்டேன். கனிமங்களைப் பற்றிய பத்தியில் கால்சைட் கண்ணாடியைக் கீறும் என்று முதலில் எழுதியிருந்தேன். அவள் என்னை நிறுத்தி, கண்ணாடியைக் கீறுவது குவார்ட்ஸ், கால்சைட் மோஸ் அளவுகோலில் மூன்றுதான், அது அமிலம் பட்டால் நுரைக்கும் என்றாள். அந்த வரியையும் எடுத்துவிட்டேன். ஆய்வகத்தில் அமிலப் புட்டியை நிரப்பி வைக்கும் உதவியாளரை அப்பா மறந்துவிட்டார் என்று சொல்லி, அவருக்கான நன்றியைத் தானே எழுதுவதாகத் தாளை வாங்கிக்கொண்டாள். ஆகவே அந்த நன்றி மட்டும் இம்மடலில் இல்லை. அது அவருக்குத் தனியாக வரும்.

நன்றியுடன்,
ஒரு மாணவியின் தந்தை