பனை நின்றால்தான் பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் பசுமைத் தொழில்முனைவோர் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல விஷயம்தான். ஆனால் கடன், பயிற்சி, ஏற்றுமதி என்று பேசிய கட்டுரையாளர், மூலப்பொருள் எங்கிருந்து வரும் என்று ஒரு வரியும் எழுதவில்லை. பனையோலை இழைத்துச் சீவிக்கிறவள் என்பதால் எழுதுகிறேன்.

அம்மாவும் நானும் பெட்டி, பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி இழைக்கிறோம். குருத்தோலையை வெயிலில் காயவிட்டு, இரவில் பனியில் போட்டுப் பதமாக்கி, ஒரே அகலத்தில் வார்ந்தெடுத்தால்தான் இழை சீராக விழும். அளவுக்கு மேல் குருத்து வெட்டினால் மரம் சோர்ந்துவிடும். முன்பு எங்களுக்கு ஓலை வெட்டித் தந்த ஐயா, "இது போனமுறை வெட்டின மரம், விடு பிள்ளை" என்று அடுத்த மரத்துக்குப் போவார். இப்போது ஏற ஆளும் குறைவு, மரமும் குறைவு. போர்க்காலத்தில் ஷெல் பட்டு வட்டு (தலைப்பகுதி) இழந்தவை போக, பங்கருக்கென்று தறித்தவை போக, மிஞ்சியதைக் காணி துப்புரவாக்கும் ஜேசிபி சாய்க்கிறது.

இன்றைய தேவைக்காக நாளைய தலைமுறையின் தேவையைப் பறிக்கக் கூடாது என்பதுதான் 1987 இல் ஐ.நா.வின் புரூண்ட்லண்ட் ஆணைக்குழு நிலைபேறான அபிவிருத்திக்குத் தந்த விளக்கம். பனை காய்க்கப் பத்துப் பதினைந்து வருடமாவது செல்லும். கொட்டை ஊன்றாமல் ஓலையை மட்டும் வெட்டி விற்றால் அதற்குப் பசுமை என்று எப்படிப் பெயர் வைப்பது?

சந்தையும் அப்படித்தான். 2017 இல் சோறு கட்டும் பொலித்தீன் லஞ்ச்சீற்றையும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியையும் தடைசெய்தபோது எங்களுக்கு நல்ல காலம் என்று நம்பினோம். ஒரு நிறுவனம் ஐந்து நாள் பயிற்சி தந்து, சான்றிதழோடு படமும் எடுத்துப் போனது. வாங்க வருவோம் என்றார்கள். நாற்பது பெட்டி இழைத்துக் காத்திருந்தோம், ஒருவரும் வரவில்லை. மாரியில் பூஞ்சணம் பிடித்து அடுப்புக்குப் போனது.

சான்றிதழுக்கு முதல் கொள்வனவுக்கு உறுதி தாருங்கள். ஓலை வாங்கும் திட்டம் எதுவானாலும் அதற்கேற்பக் கொட்டை ஊன்றுவதையும், மரம் ஏறுகிறவருக்குக் காப்புறுதியையும் நிபந்தனையாக்குங்கள். ஆவணி, புரட்டாதியில் பழம் விழும், ஐப்பசி மழைக்கு முன் ஊன்ற வேண்டும். பிரதேச செயலகம் வீதியோரத்தில் இடம் காட்டினால் போதும், எங்கள் சங்கத்துப் பெண்கள் கொட்டை பொறுக்கிக்கொண்டு வருவோம்.

வாசகி,
தருமபுரம், கிளிநொச்சி