எட்மன்டனிலிருந்து கிழக்கே

எட்மன்டன், ஆல்பர்ட்டா, கனடா,
மே மாதம்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கம். ஜூலையில் நீங்கள் வந்ததும் மலையைப் பார்க்கத்தான் கூட்டிப்போவோம் என்று நினைத்திருப்பீர்கள். மலை எங்கேயும் ஓடிவிடாது. எங்கள் இருவருக்கும் உங்களை முதலில் கிழக்கே, 16ஆம் எண் நெடுஞ்சாலையில் பக்கத்துச் சாஸ்காட்செவன் மாகாணத்தின் சாஸ்கடூன் நகரம் வரை அழைத்துப்போக ஆசை. ஏறக்குறைய 525 கிலோமீட்டர். கண்ணுக்கெட்டும் வரை வயல்தான். ஆனால் அப்பாவைப் போல நிலம் தெரிந்தவர்களுக்கு அது வெறும் வயலாகத் தெரியாது.

இங்கே நிலத்தைச் சதுரங்கப் பலகை மாதிரி அளந்து வைத்திருக்கிறார்கள். ஒரு மைலுக்கு ஒரு மைல் ஒரு கட்டம், 640 ஏக்கர். அதில் கால் பங்கு, 160 ஏக்கர், 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 டாலர் கட்டணத்தில் குடியேறியவர்களுக்குப் போனது. நம் கணக்கில் 24 வேலி! கிரீ முதலான பழங்குடிகளோடு 1876இல் எழுதிய ஒப்பந்தத்தில் கைமாறிய மண் இந்தப் பகுதி. அந்த ஒப்பந்தத்தைப் பற்றிய வழக்குகள் இன்னும் ஓயவில்லை. வடக்கே போகப்போகத் தீர்க்கரேகைகள் நெருங்குவதால் கட்டங்கள் குறுகிவிடும். அதைச் சரிக்கட்ட 24 மைலுக்கு ஒருமுறை எல்லைக் கோடுகளை நகர்த்தி வரைந்தார்கள். அதனால்தான் அம்பு போல நேராக ஓடும் கிராமச் சாலை திடீரென முட்டி நிற்கும். பக்கவாட்டில் சற்றுத் தூரம் போய் மறுபடி வடக்கே திரும்பும். இரவில் தெரியாமல் வேகமாக வந்தால் வண்டி வயலுக்குள் போய்விடும்.

ஊர்களின் இடைவெளிக்கும் கணக்கு உண்டு. குதிரை வண்டியில் கோதுமை ஏற்றிப்போய் அன்றைக்கே வீடு திரும்பவேண்டும். அதனால் ரயில் பாதையில் 10 முதல் 16 கிலோமீட்டருக்கு ஒரு தானியக் கோபுரம். அதைச் சுற்றி ஓர் ஊர். பலகைகளைப் படுக்கைவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆணியடித்த சுவர். நிறுத்தி அடித்தால் உள்ளிருக்கும் தானியத்தின் அழுத்தம் பிதுக்கித் தள்ளிவிடும். கீழே குழியில் கொட்டிய தானியத்தை வாளி கோத்த பட்டை உச்சிக்குத் தூக்கும். அங்கிருந்து அறை அறையாகப் பிரிந்து, பிறகு தன் எடையிலேயே ரயில் பெட்டிக்குள் இறங்கும். லாரிகள் வந்தபின் அத்தனை கோபுரங்கள் தேவைப்படவில்லை. பெரும்பாலானவற்றை இடித்துவிட்டார்கள், மிஞ்சியவை அங்கொன்றும் இங்கொன்றும்.

வழியில் முதலில் எல்க் ஐலண்ட் பூங்கா. சாலைக்கு வடக்கே சமவெளிக் காட்டெருமை, தெற்கே மரக்காட்டில் வாழும் வகை. 100 மீட்டருக்குக் கிட்டே போகக்கூடாது. எருமை வாலை மேலே தூக்கினால் காருக்குள் ஏறிவிட வேண்டும். மண்டேரில் 42 அடி உயரத்தில் ஒரு சாசேஜ் (இறைச்சி அடைத்த குழல்) சிலை நிற்கிறது. அம்மா காரிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

வெக்ரெவில்லில்தான் நேரம் எடுத்துக்கொள்ளவேண்டும். உக்ரைனியர்கள் ஈஸ்டருக்குக் கோலமிடும் முட்டையை, பிசங்காவை, அலுமினியத்தில் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். குதிரைப் போலீஸ் ஆல்பர்ட்டாவுக்கு வந்த நூற்றாண்டை ஒட்டி 1975இல் முடித்த வேலை. ஒரு பக்கம் கூர்ந்தும் மறுபக்கம் மழுங்கியும் இருக்கும் முட்டையைத் தட்டையான தகடுகளால் எப்படிப் போர்த்துவது? ரொனால்ட் ரெஷ் என்ற கணினிப் பேராசிரியர் கணக்குப் போட்டார்: 2,208 முக்கோணங்கள், 524 நட்சத்திரங்கள். முக்கோணம் எல்லாம் ஒரே அளவு, நட்சத்திரம்தான் இடத்துக்குத் தக்கபடி மாறும். காற்றடித்தால் முழு முட்டையும் திரும்பும். படம் எடுக்க நினைத்த பக்கம் வரும்வரை காத்திருக்கவேண்டியதுதான்.

அங்கே பெரோகி சாப்பிடலாம். மைதா மாவுக்குள் உருளைக்கிழங்கு வைத்து வேகவைக்கும் கொழுக்கட்டை. மேலே வதக்கிப் போடும் வெங்காயத்தில் பன்றி இறைச்சித் துணுக்கு கலந்திருக்கும். ஆர்டர் கொடுக்கும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடவேண்டும்.

லாய்ட்மின்ஸ்டரில் ஆல்பர்ட்டா, சாஸ்காட்செவன் மாகாணங்களின் எல்லை ஊருக்கு நடுவே ஓடுகிறது. சாஸ்காட்செவனில் பொதுவாகக் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை; இந்த ஊர் மட்டும் முழுக்க ஆல்பர்ட்டா நேரத்தையே வைத்துக்கொள்கிறது. கோடையில் இரு மாகாணத்திலும் ஒரே நேரம்தான்.

வண்டி விஷயம். பெட்ரோல் பாதி குறைந்ததும் நிரப்பிவிடுவோம். சிறிய ஊர் பங்க்குகள் இரவில் மூடிவிடும். சரளைச் சாலையில் முன் வண்டிக்குப் பின்னால் ஒட்டிப்போனால் கண்ணாடியில் கல் தெறிக்கும். நாணய அளவுப் பொத்தலை உடனே பிசின் விட்டு அடைத்துவிடலாம்; விட்டுவைத்தால் வெயிலிலும் குளிரிலும் விரிசல் ஓடி, முழுக் கண்ணாடியையும் மாற்ற நேரும். மழை பெய்தால் அந்தச் சாலைப் பக்கமே போகமாட்டோம். நம்மூர் களி மாதிரி சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். அந்தி நேரம் மூஸ் மானுக்குப் பயப்படவேண்டும். கால் நெட்டை, கண் விளக்கொளிக்கு மேலே இருப்பதால் பளபளக்காது. மோதினால் உடல் நேரே கண்ணாடிமேல் வந்து விழும். ஜூலையில் பொழுது சாய இரவு 9.30, 10 மணி ஆவதால் அதற்கு முன்பே விடுதிக்குப் போய்விடலாம்.

சாஸ்கடூன் தாண்டி லிட்டில் மனிட்டூ ஏரி. வெளியேற வழியில்லாத நீர், உப்பு அவ்வளவு கனம். நீச்சல் தெரியாத அம்மாகூட மிதப்பார். கண்ணில் மட்டும் படக்கூடாது.

அந்த மாகாணத்து வயல்களில் கோதுமையும் கனோலா என்ற எண்ணெய் வித்தும் தவிர மைசூர்ப் பருப்பும் மஞ்சள் பட்டாணியும் ஏராளம். இந்தியாவுக்கு இங்கிருந்தும் கப்பல் கப்பலாகப் போகிறது. அதனால் அம்மா, பெட்டியில் மைசூர்ப் பருப்பு வைக்கவேண்டாம். துவரைக்குத்தான் இந்தக் குளிர் ஆகாது. அதுவும் கடையில் கிடைக்கிறது.

அன்புடன்,
உங்கள் மகள்