அந்த மெஷின் வாங்குவதற்கு முன்னால்

அம்மு,

நீ அனுப்பிய, முடி நீக்குகிற இரண்டு மெஷின் படங்களையும் பார்த்தேன். "எதும்மா வாங்கலாம்" என்று ஒரே வரி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கூப்பிட்டாலும் கேமராவை அணைத்துவிட்டுத்தான் பேசுகிறாய். சரி, வேலை இருக்கும். மெஷினைப் பற்றியே எழுதுகிறேன்.

இரண்டும் ஐபிஎல் (intense pulsed light) வகை, வெளிச்சம் அடித்து முடியைக் குறைக்கிறவை. லேசர் என்று நினைத்து வாங்காதே. லேசர் ஒரே அலைநீளத்தில் வரும் ஒளி, இது பல அலைநீளம் கலந்து பளிச்சென்று அடிக்கிற வெளிச்சம். முடிக்கு நிறம் தருகிற மெலனின் அதை வாங்கிச் சூடாகும், அந்தச் சூட்டில்தான் வேர் பலவீனமாகிறது. ஆனால் அதே மெலனின் தோலிலும் இருக்கிறதே! நீ என் நிறம், அண்ணன்தான் அப்பா நிறம். கருத்த தோலில் முடிக்குப் போக வேண்டிய சூட்டைத் தோலே வாங்கிக்கொள்ளும், கொப்புளம் வரும், கறுத்தோ வெளுத்தோ திட்டு விழும். சித்தி கைக்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். தோலை வெளுத்ததிலிருந்து கருத்தது வரை 6 வகையாகப் பிரிக்கிற ஃபிட்ஸ்பேட்ரிக் அளவு என்று ஒன்று உண்டு. வீட்டு மெஷின்களில் பெரும்பாலானவை 6ஆம் வகைக்கு வேண்டாம் என்கின்றன, பல மெஷின்கள் 5ஆம் வகைக்கும் வேண்டாம் என்கின்றன. கூட வரும் நிற அட்டையை, எந்த இடத்தில் அடிக்கப் போகிறாயோ அந்த இடத்திலேயே வைத்துப் பார், கையில் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தில் அடிக்காதே.

இரண்டாவது மெஷினில் லட்சக்கணக்கில் ஃபிளாஷ் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. அதைப் பார்த்து மயங்காதே, காலுக்கு ஒரு முறை சில நூறு ஃபிளாஷ் போதும். தோல் நிறத்தைத் தானே பார்க்கிற சென்சார் இருக்கிறதா என்று பார். நிறம் அதிகமாக இருந்தால் அது ஃபிளாஷ் அடிக்கவே அடிக்காது. முதல் மெஷினில் அது இருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். வாங்குவதாக இருந்தால் அதுதான், வேறு பேச்சே வேண்டாம்.

அப்புறம், அடிப்பதற்கு முன் ஷேவ் செய்ய வேண்டும். வாக்ஸிங், த்ரெட்டிங் கூடாது, வேரோடு பிடுங்கிவிட்டால் ஒளி எதைச் சூடாக்கும்? மச்சம், பச்சை குத்திய இடம், கண்ணைச் சுற்றி, இங்கெல்லாம் வேண்டாம். முதலில் சின்ன இடத்தில் அடித்து, குறைந்தது 24 மணி நேரம் பொறு. பொறு என்றால் பொறு, உனக்கு எதிலும் அவசரம். வெயிலில் போனால் சன்ஸ்கிரீன் போடு. அந்த முகப்பரு மாத்திரையை இன்னும் சாப்பிடுகிறாயா? ஐசோட்ரெட்டினோயின் என்றால் மெஷினைத் தொடவே கூடாது, நிறுத்திய பிறகும் சில மாதம் பொறுக்க வேண்டும். டாக்ஸிசைக்ளினும் தோலை வெளிச்சத்துக்குத் தாங்காமல் ஆக்கிவிடும். மாத்திரை பெயரை எழுது.

முடி எல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லை, வளரும் கட்டத்தில் இருக்கிற முடிதான் இந்த ஒளிக்கு மாட்டும். அதனால் வாரம் ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ, சில மாதம் விடாமல் செய்ய வேண்டும். அதற்குப் பிறகும் குறையும் என்றுதான் சொல்லலாம், அடியோடு போய்விடாது.

கை காலுக்கு என்றால் இதோடு நிறுத்தியிருப்பேன். தாடைக்குத்தானே கேட்கிறாய்? யார் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அத்தனை பேர் முன்னால் நின்று தடுமாறாமல் பேசிய பெண் நீ, அந்த வீடியோவை அப்பா இன்னும் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறார். ஒருத்தர் வாய்க்காக நீ முகத்தை மறைக்க வேண்டுமா? மறைத்தால் என்னிடமுமா?

தாடையில் கெட்டியாக முடி வந்தால் அது ஹார்மோனாக இருக்கலாம், பிசிஓஎஸ் என்கிற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிற பலருக்கு அப்படி வரும். அதைக் கவனிக்காமல் மேலே மட்டும் வெளிச்சம் அடித்தால் திரும்பத் திரும்ப முளைக்கும். சிலருக்கு, முக்கியமாக முகத்திலும் கழுத்திலும், ஒளி பட்டதால் முடி அதிகமானதும் உண்டு, கருத்த தோலும் ஹார்மோன் கோளாறும் இருப்பவர்களுக்கு அந்தப் பயம் கூடுதல். அதனால் முகத்துக்கு மெஷின் வேண்டாம். முதலில் டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய். தோல் டாக்டரிடம் 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர் பற்றிக் கேள், அது தோலின் மேல் மெலனினில் அதிகம் தங்காமல் ஆழமாகப் போவதால் நம் மாதிரி நிறத்துக்குப் பொருத்தம். நாலைந்து முடிதான் என்றால் எலக்ட்ராலிசிஸ் போதும், ஒவ்வொரு வேராக மின்சாரத்தால் அழிப்பார்கள், அதற்கு முடியின் நிறம் ஒரு பொருட்டே இல்லை.

மெஷினை இப்போது ஆர்டர் போடாதே. பரிசோதனை முடிந்த பிறகு கை காலுக்கு அந்த முதல் மெஷினையே வாங்கிக்கொள்ளலாம், நானே வாங்கித் தருகிறேன்.

கடைசியாக எப்போது பீரியட்ஸ் வந்தது? தள்ளிப் போகிறதா? தேதியை மட்டும் அனுப்பினாலும் போதும். அப்பாவிடம் சொல்ல மாட்டேன்.

அம்மா