ஒரே யூனிக்ஸ் கதை

ஆசிரியருக்கு வணக்கம்.

லினக்ஸ் டிஸ்ட்ரோக்களை (வெவ்வேறு குழுக்கள் தொகுத்து வெளியிடும் லினக்ஸ் வடிவங்களை) ஒன்றாக இணைத்துவிட்டால், ஒரு தடவை எழுதிய மென்பொருள் எல்லா இடத்திலும் ஓடும் என்கிறது உங்கள் இதழில் வந்த கட்டுரை. லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஆட்கள் இதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

1980களில் யூனிக்ஸின் இரு பெரும் கிளைகளான சிஸ்டம் ஃபைவ் (ஏடி அண்ட் டி நிறுவனத்தினுடையது), பிஎஸ்டி (பெர்க்லி பல்கலைக்கழகத்தினுடையது) இரண்டுக்கும் பொதுவாக சி நிரல் எழுதியவர்கள் சிக்னலை, அதாவது ஓடும் நிரலுக்கு இயங்குதளம் அனுப்பும் அறிவிப்பை, மறந்திருக்க மாட்டார்கள். கன்ட்ரோல்-சி அழுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு ஹேண்ட்லரை (சிக்னல் வந்தால் ஓடும் ஃபங்ஷனை) பதிந்து வைப்போம். சிஸ்டம் ஃபைவில் அது ஒரு தடவை ஓடியதுமே பதிவு போய்விடும். மறுபடி பதியாவிட்டால் அடுத்த கன்ட்ரோல்-சியில் நிரலே செத்துவிடும். பிஎஸ்டியிலோ பதிவு அப்படியே நிற்கும். இரண்டிலும் ஃபங்ஷனின் பெயர் ஒன்றுதான் என்பதால் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் வாயே திறக்காது. பெயர் வேறாக இருந்திருந்தால் ஒரு மேக்ரோவோடு (ஒரு பெயருக்குப் பதில் இன்னொன்றைப் போடும் வரியோடு) வேலை முடிந்திருக்கும்.

இவற்றை ஒன்றாக்க 1987இல் ஏடி அண்ட் டியும் சன் மைக்ரோசிஸ்டம்ஸும் கைகோத்தன. சிஸ்டம் ஃபைவ், பிஎஸ்டி, மைக்ரோசாஃப்ட்டின் யூனிக்ஸ் வடிவமான ஸெனிக்ஸ் மூன்றையும் சேர்த்துப் பிறந்தது சிஸ்டம் ஃபைவ் ரிலீஸ் 4. தொழில்நுட்பத்தில் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சன்னுக்கு மட்டும் சலுகை கிடைத்துவிடுமோ என்று பயந்த ஐபிஎம், டிஜிட்டல், எச்பி முதலியவை 1988இல் ஓஎஸ்எஃப் என்று தனி அணி கட்டின. எதிரணியாக ஏடி அண்ட் டி தரப்பில் யூனிக்ஸ் இன்டர்நேஷனல் வந்தது. ஒன்றாக்கப் போய் ஊர் இரண்டுபட்டது. சரி, இணைந்த சிஸ்டத்திலாவது வேற்றுமை ஒழிந்ததா? பிஎஸ்டி கட்டளைகளை யூசிபி என்ற தனி டைரக்டரியில் வைத்தார்கள். கட்டளைகளைத் தேடும் டைரக்டரிகளின் பட்டியலான பாத்தில் எது முன்னால் இருக்கிறதோ அதைப் பொறுத்து, ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளை சிஸ்டம் ஃபைவ் பாணியில் பேசும் அல்லது பிஎஸ்டி பாணியில் பேசும். கூரை ஒன்று, அடுப்பு இரண்டு.

அதே 1988இல் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ வெளியிட்ட போசிக்ஸ் என்ற தரநிலை யாரையும் யாரோடும் இணைக்கவில்லை. பழைய சிக்னல் ஃபங்ஷனில் யார் பக்கம் சரி என்ற வழக்குக்கே அது போகவில்லை. சிக்ஆக்‌ஷன் என்று வேறொன்றை வைத்து, நாமாக மாற்றும்வரை பதிவு நிற்கும் என்று எழுதி வைத்தது. இரண்டு அணியும் அதை ஏற்றன. 1991இல் புதிதாக எழுதத் தொடங்கிய லினக்ஸில் யூனிக்ஸ் நிரல்களை அதிகச் சிரமமில்லாமல் கம்பைல் செய்ய முடிந்ததற்கு இந்த ஒப்பந்தமே முக்கியக் காரணம்.

ஒப்பந்தம் மட்டும் போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. கம்பைல் செய்த கோப்பே எல்லா டிஸ்ட்ரோவிலும் ஓட வேண்டும் என்று வந்த லினக்ஸ் ஸ்டாண்டர்ட் பேஸை 2015இல் டெபியன் டிஸ்ட்ரோ கிட்டத்தட்டக் கைகழுவிவிட்டது. ஆனால் இணைப்பாலும் அந்தச் சிக்கல் தீராது. நிரல்கள் நம்பியிருக்கும் சி நூலகமான ஜிலிப்சியின் புதிய பதிப்பில் கட்டிய நிரல் பழைய பதிப்பில் ஓட மறுப்பது ஒரே டிஸ்ட்ரோவின் இரண்டு வெளியீடுகளுக்கு இடையிலேயே நடக்கிறது. கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால், எல்லாம் ஒன்றான பிறகு இதை என்ன செய்வார் என்று சொல்லட்டும்.

இப்படிக்கு,
நிரலாளரான ஒரு வாசகர்