இருக்கும் புத்தகம், கிடைக்காத புத்தகம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இனிப் பழையபடி நாளிதழை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பார். நான் விசாரித்ததாகச் சொல்.

உன் சித்தப்பா கேட்டதை மறைக்காமல் எழுதியது நல்லதாயிற்று. “எல்லாம்தான் போனிலேயே கிடைக்கிறதே, நூலகவியல் படித்து என்ன ஆகப்போகிறது?” எங்கள் வகுப்பில் இந்தக் கேள்வியை வீட்டில் சந்திக்காதவர் யாரும் இல்லை. அவரிடம் வாதாட எனக்கு விருப்பமில்லை. என் நாட்கள் எப்படிப் போகின்றன என்று எழுதுகிறேன், வாசித்துக் காட்டு.

காலையில் வகுப்புக்கு முன் நூலகத்தில் பகுதிநேர வேலை. வாசகர்கள் உள்ளே வருவதற்குள் அலமாரிகளைச் சரிபார்க்க வேண்டும். முதுகில் ஒட்டியிருக்கும் எண்களை இடமிருந்து வலமாக, மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை, ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போவதுதான் வேலை. தசமப் புள்ளிக்குப் பின் வருவதை முழு எண்ணாகப் படித்துவிடுவதால்தான் பெரும்பாலான குளறுபடிகள் வருகின்றன. 512.13 என்பது 512.9-க்கு முன்னால் இருக்க வேண்டும். ஒன்பதைவிடப் பதின்மூன்று பெரிதாயிற்றே என்று பின்னால் செருகிவிடுவார்கள். இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். ஆனால் ஒரு புத்தகம் ஓர் அலமாரி தள்ளிப் போய்விட்டால், கணினி அதை ‘உள்ளது’ என்றே காட்டிக்கொண்டிருக்கும். தேடி வந்தவருக்கோ அது இல்லை. திருட்டுப்போன புத்தகத்துக்காவது இன்னொரு படி வாங்குவார்கள். உள்ளேயே தொலைந்ததற்கு அதுவும் நடக்காது, கணக்கில்தான் அது இருக்கிறதே!

இருக்கிற ஒன்றை, அது வேண்டும் என்று வருகிறவர் கையில் சேர்ப்பது. நாங்கள் படிக்கிற பாடம் எல்லாமே இந்த ஒரே வேலையின் வேறு வேறு பெயர்கள்தான் என்று எனக்கு இப்போது படுகிறது.

வகைப்பாட்டு வகுப்பு எனக்கு மிகவும் பிடித்தது. போன வாரம் ஆசிரியர் கற்பனையாக ஒரு புத்தகத்தைச் சொன்னார்: மகனைப் பறிகொடுத்த ஒருவர், தேனீ வளர்ப்பில் இறங்கி, மெல்ல மெல்ல மீண்டு வந்ததைத் தானே எழுதியிருக்கிறார். இதற்கு எண் கொடுங்கள் என்றார். அமெரிக்க நூலகர் மெல்வில் டியூவி வகுத்தது டியூவி தசம வகைப்பாடு, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் தருவது. அதில் தேனீ வளர்ப்புக்கு 638.1. தேனீ என்ற உயிரினத்தைப் பற்றியது என்றால் விலங்கியல் பக்கம், 595.799. சாவையும் துக்கத்தையும் மனம் எப்படி எதிர்கொள்கிறது என்பதற்கு 155.937. வகுப்பே மூன்றாகப் பிரிந்து சண்டை போட்டது. நான் 155.937 என்றேன், இப்போதும் அதில்தான் நிற்கிறேன். கணினிப் பட்டியலில் எத்தனை பொருள் தலைப்பு வேண்டுமானாலும் சேர்க்கலாம். தட்டில் நிற்பதற்கு மட்டும் ஒரே ஓர் இடம்தான். தேனீ வளர்க்க வழி தேடுபவருக்கு அந்தப் பக்கத்தில் வேறு நல்ல கையேடுகள் இருக்கும். பிள்ளையை இழந்துவிட்டு அலமாரி ஓரமாக நிற்பவருக்கு இந்தப் புத்தகம்தான் கைக்கு எட்ட வேண்டும். அவர் பட்டியலில் தேடமாட்டார். எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது என்றே அவருக்குத் தெரியாது.

இந்தப் பிரச்சினையை எஸ். ஆர். அரங்கநாதன் எப்படிப் பார்த்தார் என்பதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, பயிற்சிக்காக லண்டன் போகிறார். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பெட்டியைப் பார்க்கிறார். அதே தகடுகள், அதே திருகாணிகள், ஆனால் மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மைகள். ஒரு பொருளுக்கு முன்கூட்டியே ஓர் எண்ணை முடிவு செய்து வைப்பதற்குப் பதில், அதன் கூறுகளைத் தனித்தனியே குறித்து, தேவைக்கேற்பப் பூட்டிக்கொள்ளலாமே என்று அவருக்குத் தோன்றுகிறது. 1933இல் வெளிவந்த கோலன் வகைப்பாடு அப்படிப் பிறந்தது. எதைப் பற்றியது, எதனால் ஆனது, அதில் என்ன நடக்கிறது, எங்கே, எப்போது என்று கூறுகளைப் பிரித்துவிடுகிறார். இன்று அந்த முறையில் அடுக்கும் நூலகங்கள் குறைவுதான். ஆனால் சித்தப்பாவிடம் இதைச் சொல்: போனில் சட்டை வாங்கும்போது நிறம், அளவு, துணி என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்து பட்டியலைச் சுருக்குகிறாரே, அதற்கு அடியில் இருப்பது இதே எண்ணம்தான்.

டியூவியின் முறையைப் பற்றி எனக்கு மனத்தாங்கலும் உண்டு. 1876இல் நாற்பத்துச் சொச்சம் பக்கத்தில் வந்த அந்தச் சிறு வெளியீடு இன்று உலகம் முழுக்க நூலகங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறது, அது பெரிய சாதனைதான். ஆனால் சமயங்களுக்கான 200களைத் திறந்து பார். 220இலிருந்து 280கள் முடியும்வரை விவிலியமும் கிறித்தவமும். உலகத்தின் மற்ற எல்லாச் சமயங்களும் 290களுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அடுக்குகிறவர் எங்கே நின்று உலகத்தைப் பார்த்தாரோ, அதுவே எண்ணாகிவிடுகிறது. அந்த மனிதரின் இனவெறியும் பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதமும் பேசப்பட்டு, 2019இல் அமெரிக்க நூலகச் சங்கம் தன் பதக்கத்திலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது. எடுத்தது சரி என்பதுதான் என் கட்சி.

அப்புறம் என் ஆய்வேடு. தலைப்பை எப்போதோ கேட்டிருந்தாய். நூலகப் பட்டியலில் தமிழில் தேடுகிறவர்களுக்கு ‘முடிவுகள் இல்லை’ என்று ஏன் வருகிறது என்பதைத்தான் எடுத்திருக்கிறேன். யார் தேடினார் என்ற விவரம் எல்லாம் நீக்கப்பட்ட தேடல் பதிவுகளை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சில இடங்களில் உண்மையிலேயே புத்தகம் இல்லை. ஆனால் பல இடங்களில் இருக்கிறது! ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் உலகப் பொது முறையான யூனிகோடில் ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக அதை எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் துளியும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் ஒன்றே என்று மென்பொருளுக்குச் சொல்லித்தராவிட்டால், பதிவில் ஒரு விதமாகவும் தேடலில் ஒரு விதமாகவும் இருந்து, புத்தகம் காணாமல் போய்விடும். ‘கௌ’ என்பதில் பின்னால் வரும் குறிக்குப் பதில் ள என்ற எழுத்தையே தட்டிவிடுவது இன்னொன்று. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் உள்ளிட்டுவிட்டு மாற்றாமலே விட்ட பழைய பதிவுகளோ வெறும் கிறுக்கலாகத் தெரியும். அச்சிட்டு, வாங்கி, முத்திரை குத்தி, எண் ஒட்டி, தட்டில் வைத்த புத்தகம் ஒரு கொம்பால் மறைந்து நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பெயர்களும் இதே கதைதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். எது பெயர், எது முன்னெழுத்து என்று தெரியாமல் பதிந்தால் ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுவார். எழுத்தாளர் எஸ். ரங்கராஜன், இன்னோர் எழுத்தாளரான ரா.கி. ரங்கராஜனோடு குழப்பம் வேண்டாம் என்று மனைவியின் பெயரான சுஜாதாவைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். அவருடைய இரண்டு பெயர்களையும் ஒரே ஆளோடு கட்டிவைப்பதும், வேறு ரங்கராஜன்களிடமிருந்து பிரித்துவைப்பதும் பட்டியலாளரின் வேலை. யாருடைய கண்ணிலும் படாத வேலை, ஆனால் எனக்கு அதில் அலுப்பே வருவதில்லை.

சனிக்கிழமைகளில் ஒரு பொது நூலகத்தின் தகவல் மேசையில் உட்காருகிறேன். இங்கேதான் உண்மையான படிப்பு. இராபர்ட் டெய்லர் என்பவர் 1968இலேயே எழுதிவிட்டார்: மேசைக்கு வருகிறவர் வாய்விட்டுக் கேட்பது, அவர் மனதில் இருக்கும் தேவை அல்ல, நூலகத்தால் எதைத் தர முடியும் என்று அவரே ஊகித்துச் சுருக்கிக்கொண்ட கேள்வி. அண்மையில் ஒரு பெரியவர் வந்தார். “மருத்துவப் புத்தகம் எங்கே இருக்கு?” 610கள் அந்த வரிசை என்று கைகாட்டிவிட்டிருக்கலாம். “குறிப்பா எதைப் பத்திப் பாக்கணும் ஐயா?” என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, நான்காக மடித்த ஒரு காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். மனைவியின் பரிசோதனை முடிவு. அதில் ஒரு சொல்லின்மேல் பேனாவால் வட்டமிட்டிருந்தார். “இதைப் போன்ல போட்டேன், படிக்கப் படிக்கப் பயமா இருக்கு” என்றார்.

நான் மருத்துவர் இல்லை. அந்த முடிவுக்கு என்ன பொருள் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, அதை அவரிடமே சொன்னேன். நோயாளிகளுக்காகவே மருத்துவர்கள் எளிமையாக எழுதிய ஒரு நூலில் அந்தப் பகுதியை எடுத்துக் கொடுத்தேன். அவர் படித்து முடிக்கும்வரை அருகில் போகவில்லை. பிறகு மருத்துவரிடம் என்னென்ன கேட்கலாம் என்று அவராகவே ஒரு தாளில் எழுதத் தொடங்கினார். பக்கத்து நாற்காலிக்காரருக்குக்கூட அவர் எதற்கு வந்தார் என்பது தெரியாது. யார் எதைப் படிக்கிறார் என்பதை வெளியே விடாமல் காப்பதும் எங்கள் தொழிலில் ஓர் உறுதிமொழி மாதிரி. போன் பதில் கொடுக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் இப்போது உங்களுக்கு எது வேண்டும் என்று நிதானமாகக் கேட்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறதே!

ஞாயிற்றுக்கிழமைகளில் மேசைப் பக்கமே போவதில்லை. எங்கள் கூட்டம் எங்காவது கிளம்பிவிடும். ஒருமுறை பழைய நூல்களைச் செப்பனிடும் கூடத்துக்குப் போனோம். கிழிந்த ஓரத்தை எப்படிச் சேர்க்கிறார்கள் தெரியுமா? முசுக்கொட்டை இனத்து மரப்பட்டை நாரில் செய்த மெல்லிய ஜப்பானியத் தாளைக் கத்தரியால் வெட்டுவதில்லை. ஈரத் தூரிகையால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் மெதுவாக இழுத்துப் பிரிக்கிறார்கள். அப்போது ஓரத்தில் நார்கள் சிலிர்த்துக்கொண்டு நிற்கும், அவைதான் பழைய தாளைப் பற்றிக்கொள்ளும். கோதுமை மாவுச்சத்துப் பசையைத் தொட்டும் தொடாமலும் தடவி, மேலே உறிஞ்சுதாள் வைத்து, பாரம் ஏற்றிக் காயவிடுகிறார்கள். பின்னொரு காலத்தில் யாராவது பிரிக்க நினைத்தால், ஈரம் காட்டினால் போதும், வந்துவிடும். ஒட்டுநாடாவோ மஞ்சளித்துப் பிசுபிசுத்து, எழுத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும். வீட்டில் உள்ள பழைய புத்தகங்களில் தயவுசெய்து அதை ஒட்டாதே.

போன ஞாயிறு மலைப்பாதையில் நடந்தோம். ஒருத்தி இரண்டு பறவைக் கையேடுகள் கொண்டுவந்திருந்தாள். ஒன்று குடும்பவாரியாக அடுக்கியது, மற்றது நிறவாரியாக. மஞ்சள் மார்போடு ஒரு குருவி கிளையில் வந்து உட்கார்ந்தது. அது எந்தக் குடும்பம் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? நிறவாரியான புத்தகத்தில் சட்டென்று கிடைத்துவிட்டது. பறவையியல் படித்தவளாக இருந்திருந்தால் மற்றதைத்தான் திறந்திருப்பாள். இரண்டு அடுக்குமுறையும் சரிதான், யாருக்காக அடுக்கியது என்பதுதான் வேறு.

இதை நினைத்துக்கொண்டுதான் உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை மறுபடி படித்தேன். நீ வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே கண்ணாடி போட்ட ஓர் அலமாரி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன, பூட்டியே கிடக்கிறது, குழந்தைகள் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றன என்று எழுதியிருந்தாயே. அரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவதே ‘நூல்கள் பயன்பாட்டுக்கே’ என்பதுதான். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். கண்ணாடியும் பூட்டும் அந்தச் சங்கிலியின் வாரிசுகள்தான்.

நீ பயப்படாமல் அந்த அலமாரியைத் திறந்துவிடு. புத்தகம் தொலைந்தால் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். எனவே முதலில் ஒரு பதிவேடு போட்டு, வரிசை எண், தலைப்பு, ஆசிரியர் பெயர் எழுதி, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடு. கிழிந்தாலும் தொலைந்தாலும் ஆசிரியர் கைக்காசைக் கேட்கக் கூடாது என்பதையும் அதிலேயே எழுத்தில் வாங்கு, இல்லாவிட்டால் உனக்குப் பிறகு வருகிறவர் மறுபடி பூட்டிவிடுவார். டியூவி எண் எதுவும் இப்போது வேண்டாம். அந்தப் பிள்ளைகள் எப்படிக் கேட்பார்கள் என்று ஒரு வாரம் காது கொடு. ‘பேய்க் கதை’, ‘படம் நெறைய இருக்கிறது’, ‘மிருகம் பத்தினது’ என்று கேட்டால் அதையே வகையாக வைத்து, முதுகில் வண்ணத் தாள் ஒட்டு. முடிந்தவரை அட்டை முன்பக்கம் தெரிய நிறுத்து. இரவல் நோட்டை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடு, உன்னைவிடக் கறாராகப் பார்த்துக்கொள்வார்கள். தண்டம் மட்டும் வேண்டவே வேண்டாம்டி. தண்டத்துக்குப் பயந்த பிள்ளை புத்தகத்தோடு தானும் வராமல் போய்விடும்.

தேர்வு முடிந்ததும் நானே வந்து உன்னோடு உட்கார்ந்து அடுக்கித் தருகிறேன், பசையும் தூரிகையும் கொண்டுவருகிறேன். அதற்குள் தட்டுதட்டாகப் புத்தக முதுகுகளைப் படம் எடுத்து அனுப்பு, கரையான், வெள்ளிப்பூச்சி ஏதாவது தெரிகிறதா என்றும் மூலைகளைப் பார். அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை நாளைக்கே கேட்டு எழுது.

அன்புடன்,
உன் தோழி